ஒரகடம் வழித்தடம் – 11: ரசீதின் அடிவரி

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கிளைத்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றி வளர்ந்த தொழிற்பகுதி, இரு வேறு வகையான வெளியூராரை இங்கே குடியேற்றியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டதும், உதிரிபாக நிறுவனங்கள் அவற்றைப் பின்தொடர்ந்ததும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களை அழைத்துவந்தன. அதே ஆலைகளின் ஒப்பந்தப் பணிகள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்களை அழைத்துவந்தன. இவர்களின் வாடகை வீடுகள் சென்ற பகுதியில் பேசப்பட்டன. கடை வாசலில் இவர்கள் படும் பாடு இப்பகுதிக்குரியது.

கொரியாவில் இணையத்தில் வாங்கிய பொருளை, அதில் பழுதே இல்லாவிட்டாலும், ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் சட்டம் தந்த உரிமை. ஜப்பானில் யமாட்டோ நிறுவனம் 1976-இல் தொடங்கிய வீட்டுப் பார்சல் சேவையும் அதைப் பின்பற்றியவையும், ஆளில்லாத வீட்டில் ஒரு சீட்டை விட்டுச்சென்று, வீட்டுக்காரர் குறிக்கும் நேரத்தில் மறுபடி வருவதை நாட்டு வழக்கமாகவே ஆக்கிவிட்டன. இப்பழக்கங்களோடு வருபவரை ஒரகடத்தில் எதிர்கொள்வது ஒரு தொலைபேசி அழைப்பு. மனைப்பிரிவுகளில் கதவெண் வரிசையாக இராது. ஆகவே பொருள் கொண்டுவரும் இளைஞர், "சார், லேண்ட்மார்க் சொல்லுங்க" என்று கேட்கிறார். மறுமுனையில் இருப்பவருக்குத் தமிழும் தெரியாது, பக்கத்திலுள்ள பிள்ளையார் கோயிலின் பெயரும் தெரியாது. அழைப்பு துண்டிக்கப்பட்டதும், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை என்ற குறிப்போடு பொருள் கிடங்குக்குத் திரும்பிவிடுகிறது. விலைகூடிய பொருளாயின் ஓ.டி.பி., அதாவது கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண், கேட்கப்படும். அந்தக் கைபேசி எண் பல வீடுகளில் நிறுவனத்தின் அலுவலகப் பணியாளருடையதாகவே இருக்கிறது. இதைக் கடைக்காரரின் அலட்சியம் என்று சொல்வது பொருந்தாது. இங்கே பிறந்து, இங்கேயே இருக்கப்போகும் ஒருவரை மனத்தில் வைத்தே எல்லாச் சேவைகளும் அமைந்திருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டு தங்கிச் செல்பவர் அந்தக் கணக்கில் இல்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ரசீதின் அடியில் இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரி அச்சிடப்படாத ரசீதுப் புத்தகம் இவ்வட்டாரக் கடைவீதிகளில் அரிது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி ஏதும் குறிக்கப்படாவிடில் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. ரசீதே தர மறுப்பதையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆயினும் பழுதில்லாத பொருளை மனம் மாறித் திருப்புவது இங்கே உரிமையன்று, கடையின் தாராளம். கொரியரின் எரிச்சலில் ஒரு பங்கு இந்த வேறுபாட்டை அறியாததால் வருவது.

அவருக்கேனும் ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், நிறுவன அலுவலகம் என்று இடையில் நிற்க ஆட்கள் உண்டு. ஒரே அறையை நான்கைந்து பேரோடு பகிர்ந்துகொள்ளும் ஒடிசா இளைஞர், ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மின்அடுப்பு புதன்கிழமை சூடேறாமல் போனால், அடுத்த ஞாயிறு வரை காத்திருந்து தனியே போய் நிற்க வேண்டும். கையில் இருப்பது கூட்டல் கணக்கு மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு. கடைக்காரர் விலை பேசும் அளவுக்கு இந்தி கற்றிருப்பார். திருப்பிக் கேட்கும்போது மட்டும் அந்த இந்தி தீர்ந்துவிடும். ஆனால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் ஒடியா, அசாமியம், சந்தாலி, மைதிலி உள்ளிட்ட 17 மொழிகளில் இயங்குகிறது. கொரிய மொழியும் ஜப்பானிய மொழியும் அவற்றில் இல்லை. அரசின் உதவி தம் மொழியிலேயே கிடைக்கக்கூடியவர் இந்தத் தொழிலாளிதான்; அவருக்குத்தான் முறையான ரசீதும் கிடைப்பதில்லை, இந்த எண்ணைச் சொல்லவும் ஆளில்லை.

உதவி எண்ணால் தீராத வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க ஆணையம் முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது நீளும், வெளிநாட்டவரின் விசா அதற்குள் முடிந்தும் போகலாம். அதற்காகக் காணொளி வழி விசாரணைக்குச் சட்டம் இடம் தருகிறது என்பதால், செங்கல்பட்டில் தொடுத்த வழக்கை கொரியாவின் உல்சானிலிருந்தும் நடத்தக் கேட்கலாம். புகார் தருபவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்ற பிரிவோ தொழிலாளிக்கு இன்னும் சாதகமானது: சிக்கல் எழுந்து இரண்டு ஆண்டு கடக்காதவரை, ஊர் திரும்பிய பின்னும் அவர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம், சிங்கப்பெருமாள் கோவில் கடைக்காரர் அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.