குருதிக் குழாய்களை இறுக்கும் நரம்புகள்

நெடுங்கேணியில் நாம் சந்தித்த பெரியவர் ஒருவர் இரத்த அழுத்தக் குளிசையை நிறுத்தி மூன்று மாதங்களாகின்றன. தலையிடியோ தலைச்சுற்றோ இல்லையாம். யோசனையால் வந்த பிறசர், யோசனை குறைந்ததும் போய்விட்டது என்கிறார். எம்முடன் வந்த தாதியொருவர் அளந்து பார்த்தபோது மேல் அளவு 180ஐத் தாண்டியிருந்தது.

யோசனைக்கும் அழுத்தத்துக்கும் தொடர்புண்டு என்பது மெய்யே. புன்னாடிகளின் சுவர்களில் உள்ள மழமழப்பான தசையைப் பரிவு நரம்புகள் ஓயாது சற்று இறுக்கியே வைத்திருக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்னாட் 1851இல் முயலொன்றின் கழுத்தில் இந்நரம்பை வெட்டியபோது, அப்பக்கத்துக் காது சிவந்து சூடேறியது. இறுக்கம் தளர்ந்து குருதி பெருகியதே காரணம். குழாயின் ஆரை பத்திலொரு பங்கு சுருங்கினாலே குருதியோட்டத்துக்கான தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். பயமும் கோபமும் இவ்விறுக்கத்தைக் கூட்டுகின்றன. நாம் எழுந்து நிற்கையில் மயங்கி விழாதிருப்பதும் இந்நரம்புகளின் தயவினாலேயே.

ஆயினும் இவை சிறுநீரகங்களுக்கும் செல்கின்றன; அங்கு உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவைக்கத் தூண்டுகின்றன. நாட்பட்ட அழுத்தத்தால் குழாய்ச் சுவர்களும் தடிக்கின்றன. எனவே மனம் அமைதியுற்ற பின்னரும் அழுத்தம் தணியாதிருக்கலாம். அதனை உணர்த்த வலியும் எழுவதில்லை.

இந்நரம்புகளை அடக்கும் மருந்தொன்று எமது பிராந்தியத்து மூலிகையிலிருந்தே கிடைத்தது. சர்ப்பகந்தியின் வேரை டில்லியில் ஆராய்ந்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி, 1931இல் பிரித்தெடுத்த பொருளுக்குத் தம் ஆதரவாளர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். அவ்வேர் அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் றுஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரித்தானிய இதயநோய்ச் சஞ்சிகையில் எழுதிய பின்னரே மேல்நாட்டார் திரும்பிப் பார்த்தனர். 1952இல் சுவிற்சர்லாந்தில் அதிலிருந்து றிசேர்ப்பின் பிரிக்கப்பட்டது. நரம்பு நுனிகளில் சேமிக்கப்பட்டுள்ள நோரதிரனலினை அது வெறுமையாக்குகின்றது. அதிக அளவில் உட்கொண்டோரிடம் மனச்சோர்வு பதிவானதாலும், வேறு மருந்துகள் வந்ததாலும் அதன் பாவனை அருகிற்று. நாட்டு மருந்துதானே என்று வேரைத் தாமே இடித்துக் குடிப்போர் இதனைக் கவனித்தல் நன்று.

சிறுநீரக நாடியைச் சூழ்ந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2014இல் பெரிய ஆய்வொன்றில் தோற்ற முறை அது, பின்னர் திருத்தியமைக்கப்பட்டது. அது நெடுங்கேணிக்கு எப்போது வருமோ, நாமறியோம். குளிசையோ அரச வைத்தியசாலையில் இலவசமாகவே கிடைக்கின்றது. பெரியவர் பழைய கிளினிக் கொப்பியைத் தேடியெடுத்தார். அடுத்த புதன்கிழமை மகனுடன் போவதாகச் சொன்னார்.