தொலைவிலிருந்து வைத்தியம்

கொட்டாஞ்சேனையின் மேற்கே கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களுட் பெரும்பாலானவற்றில் வைத்தியர் இல்லை. நடுக்கடலில் மாலுமியொருவனுக்குக் கடும் வயிற்றுவலி கண்டால் யாது செய்வது? இவ்வினாவிற்கு விடை தந்தது வானொலியே. குயிதோ குயிதா என்னும் வைத்தியர் 1935 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் ஒரு நிலையத்தை நிறுவினார். எந்நாட்டுக் கொடியைத் தாங்கிய கப்பலாயினும், கம்பியில்லாத் தந்தி வாயிலாக நோயாளியின் நிலையை அறிவித்தால், அங்கிருந்து கட்டணமின்றி ஆலோசனை கிடைத்தது. அந்நிலையத்தின் முதற்றலைவர் மார்க்கோனி என்பது பொருத்தமானதே.

அங்ஙனம் ஆலோசனை கூறும் வைத்தியருக்குக் கண்ணும் கையும் கப்பலிலுள்ள அதிகாரியே. அவர் நாடி பார்க்கின்றார், உடற்சூட்டை அளக்கின்றார், வயிற்றில் எவ்விடத்தை அழுத்தினால் வலிக்கின்றது என்று கேட்டுச் சொல்கின்றார். அவர் பிழையாகச் சொன்னால் வைத்தியரின் புலமையெல்லாம் வீணே. பின்னாளிற் செய்மதி வந்தது. 2000 ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டின் அரகொண்டா என்னும் சிற்றூர் மருத்துவமனை சென்னையிலுள்ள நிபுணர்களோடு இணைக்கப்பட்டது. படமும் பார்க்கலாயிற்று, எனினும் நோயாளியின் அருகில் நிற்பவரின் தேவை குறையவில்லை.

இலங்கையில் இவ்வகைப் பிறநாட்டு ஒத்துழைப்பின் பயனைப் பொதுமக்கள் நேரிற் கண்டது 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தினாலாகும். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மேல், தென் மாகாணங்களிற் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை தொடங்கிற்று. 2018 இல் வடக்கிற்கும் சென்றது. கட்டணம் இல்லை. இதனை முழுமையான தொலைவைத்தியம் என்றல் மிகையாகும். ஆயினும் பயிற்சி பெற்ற ஒருவரை நோயாளியின் வீட்டு வாசலுக்கே அனுப்பும் ஏற்பாடு அமைந்துவிட்டது. கப்பல் அதிகாரியின் இடத்தை வகிப்பவர் அவரே. எஞ்சியிருப்பது, அவரையும் நாட்டின் பெரிய வைத்தியசாலைகளையும், வேண்டும்போது பிறநாட்டு நிபுணர்களையும் ஒரே வலையிற் கோப்பதாகும்.

அவ்வலையிற் பேசப்படும் மொழி யாது? பொறியியலாளர் இதனைச் சிறு விடயமென்று எண்ணக்கூடும். வெள்ளவத்தையில் தனித்திருக்கும் முதிய தாயொருத்தி, "நெஞ்சு அடைக்குது தம்பி" என்பாள். பிறிதொரு நாள், "நெஞ்சு எரியுது" என்பாள். முன்னது மாரடைப்பின் அறிகுறியாகலாம். பின்னது பெரும்பாலும் இரைப்பைக் கோளாறு. எனினும் முதியோரிடத்து எரிவும் இதயநோயாக இருத்தல் உண்டாதலால், "எப்போது தொடங்கியது? கைக்குப் பரவுகின்றதா? வியர்க்கின்றதா?" என மேலும் வினவல் வேண்டும். இரண்டையும் 'நெஞ்சு நோ' என்று ஒரே சொல்லாற் பெயர்த்துவிட்டால், அவ்வினாக்கள் எழவே மாட்டா. ஆகவே கருவிகளைப் பெறும் உடன்படிக்கையோடு, தமிழிற் கேட்டுத் தமிழில் வினவத்தக்கவர்களைப் பயிற்றும் உடன்படிக்கையும் வேண்டும்.

அதுவரை அழைப்பவர் செய்யத்தக்கதும் உண்டு. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகள் ஒன்றையொன்று ஒத்தவை. வீதியின் பெயர், கட்டட இலக்கம், எத்தனையாம் மாடி என்பவற்றை முதலிற் கூறுதல் நன்று. ஒருவர் கீழே இறங்கி வாயிலில் நிற்றல் அதனினும் நன்று.