மேப்பிள் விருக்ஷம்: உணவும் மருந்தும் கூட்டு விற்பனையும்

கனடா தேசத்தின் கொடியில் சிவந்த இலை ஒன்று பொறிக்கப்பட்டிருப்பதை அநேகர் படங்களில் பார்த்திருக்கக்கூடும். 1965-ம் வருஷத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அக்கொடியில் காண்பது மேப்பிள் என்னும் விருக்ஷத்தின் இலையாகும். இவ்வினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஜாதிகள் உண்டு. வட அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய தேசங்களிலும், இமயமலைச் சாரலிலும் இவை வளர்கின்றன. தமிழ் நாட்டில் பயிரிடுவதற்கு ஏற்ற மரம் இதுவன்று. ஆயினும், கனடாவின் கீழ்ப்பாகத்திலுள்ள க்யூபெக் மாகாணத்துக் குடியானவர்கள் இம்மரத்தின் நீரைக் காய்ச்சி விற்றுப் பிழைக்கும் விதமும், அவ்விற்பனையில் அவர்கள் பட்ட நஷ்டமும், பின்னர் அடைந்த அநுகூலமும், இந்நாட்டு ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத் தக்கவை.

மேப்பிள் ஜாதிகளுள் முதன்மையானது சர்க்கரை மேப்பிள். சிவப்பு மேப்பிள், கறுப்பு மேப்பிள் முதலியவற்றிலிருந்தும் நீர் இறக்குவதுண்டு. பனையில் பாளையைச் சீவிப் பதநீர் இறக்குகிறார்கள். மேப்பிளிலோ அடிமரத்தில் சிறு துளையிட்டு நீரை எடுக்கிறார்கள். பதநீரைக் குடித்துப் பழகியவருக்கு மேப்பிள் நீர் வெறுந் தண்ணீராகவே தோன்றும். நூறு பங்கு நீரில் சர்க்கரை இரண்டு அல்லது மூன்று பங்குக்கு மேல் இராது. ஆகையால் சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். ஒரு துளையிலிருந்து ஒரு பருவம் முழுவதும் வடியும் நீரும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது, ஒரு துளைக்கு வருஷத்தில் ஒரு லிட்டர் பாகு.

நீர் வடியும் காரணம் விநோதமானது. கோடைகாலத்தில் இலைகள் ஆக்கிய மாவுப் பொருள் மரத்தினுள் சேர்த்து வைக்கப்பட்டு, குளிர்காலத்தில் சர்க்கரையாக மாறுகிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் இரவில் பனி உறையும். பகலில் வெயில் ஏறி உருகும். இரவில் மரத்தின் நார்களிலுள்ள காற்று சுருங்கிப் பனிக்கட்டியும் உண்டாவதால், வேரிலிருந்து தண்ணீர் மேலே இழுக்கப்படுகிறது. பகலில் பனி உருகிக் காற்று விரியவே, உள்ளே அழுத்தம் உண்டாகித் துளை வழியாக நீர் வெளிவருகிறது. இரவுக் குளிரும் பகல் வெதுவெதுப்பும் மாறி மாறி வராத வருஷங்களில் நீர் சுரப்பதில்லை. பருவம் சில வாரங்களே. மொட்டு விரியத் தொடங்கிவிட்டால் நீரின் சுவை கெட்டுவிடும். அத்துடன் வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான்.

மரம் துளையிடத் தக்க பருமன் அடைவதற்கு நாற்பது வருஷங்கள் ஆகும். பாட்டன் வளர்த்த மரத்தில் பேரன் நீர் எடுக்கிறான் என்றால் மிகையாகாது. துளை ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழமே இருக்கும். பழைய துளையைச் சுற்றியுள்ள மரம் செத்துப்போய் நீர் ஓடாதாகையால், ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் புதிதாகத் துளையிடுவார்கள். சிறு மரத்துக்கு ஒன்று, பெரிய மரத்துக்கு இரண்டு. பேராசையால் அதிகத் துளை இடுபவன் மரத்தையே இழக்கிறான். அளவறிந்து எடுத்தால் நூறு வருஷமும் அதே மரத்தில் எடுக்கலாம்.

முற்காலத்தில் துளையின் கீழ் வாளி தொங்கவிட்டு, குதிரை வண்டியில் நீரைச் சேர்த்துக் கொணர்ந்தார்கள். 1970-ம் வருஷத்தையடுத்து மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் கட்டி நீரைக் காய்ச்சுங் கொட்டகைக்கே வரச்செய்யும் முறை பரவிற்று. பதநீர் புளியாமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். மேப்பிள் நீருக்குக் குளிரே காவல். எனினும், இறக்கிய நீரைத் தாமதமின்றிக் காய்ச்சாவிடில் அதுவும் கெட்டுப்போகும். அகன்ற தட்டையான கொப்பரைகளில் காய்ச்சுகிறார்கள். நுரை பொங்கி வழியாமலிருக்க, கருப்பட்டி காய்ச்சுவோர் ஆமணக்கு முத்தை இடித்துப் போடுவது போல, அங்கே ஒரு துளி வெண்ணெய் இடுகிறார்கள். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட பாரன்ஹீட் கணக்கில் ஏழு டிகிரி அதிகமானதும் பாகு பதமாயிற்று என்று இறக்கி, கம்பளித் துணியில் வடிகட்டுவார்கள். மணல் போன்ற ஒருவித உப்பு அதில் தங்கிவிடும். மேலும் காய்ச்சிக் கிளறினால் வெல்லம்போல் கட்டியாகும். கொதிக்குங் கெட்டிப் பாகைச் சுத்தமான பனியின் மேல் ஊற்றி, இறுகியதும் குச்சியில் சுற்றிச் சாப்பிடுவது க்யூபெக் குழந்தைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். பருவத் தொடக்கத்துப் பாகு பொன்னிறமாகவும் மென்சுவையாகவும் இருக்கும். கடைசியில் வருவது கறுத்துக் காரமான மணம் உடையதாகும். நிறத்தைக்கொண்டே தரம் பிரிக்கிறார்கள்.

இவ்வித்தையை வெள்ளையர் கண்டுபிடிக்கவில்லை. அநிஷிநாபே, ஹோடெநோஷோனி முதலிய ஆதிக்குடிகள் அவர்கள் வருவதற்கு முன்பே இந்நீரைச் சேகரித்து உண்டு வந்தார்கள். பூர்ஜ மரப் பட்டையால் செய்த பாத்திரங்களில் சர்க்கரையைச் சேமித்து, உப்புக்குப் பதிலாகவும் உணவில் சேர்த்தார்கள். நீரைப் புளிக்கவிட்டுக் காடி செய்து மான் இறைச்சி சமைப்பதும் சில குலத்தாரிடம் வழக்கம். பஞ்சகாலத்தில் உட்பட்டையை உலர்த்தி இடித்து மாவுடன் கலந்து ரொட்டி சுட்டதும் உண்டு.

இலையின் உபயோகம் இவ்வளவு பிரசித்தமன்று. கனடாவின் மேற்குக் கரையில், பெரிய இலை மேப்பிளின் இலைகளைக் குழி அடுப்பில் பரப்பி, அவற்றின் நடுவே இறைச்சியை வைத்து வேகவைப்பது ஆதிக்குடிகளின் வழக்கம். வாழையிலையில் பொதிந்து வேகவைப்பதைப் போன்றதே இது. ஜப்பானில் ஓசாகா நகரத்துக்கு அருகிலுள்ள மினோ என்னும் ஊரில் மேப்பிள் இலையையே பலகாரமாகச் செய்கிறார்கள். மஞ்சள் நிறமடையும் ஒரு ஜாதியின் இலைகளைப் பறித்துக் கழுவி, உப்பிலிட்டு ஒரு வருஷ காலம் ஊறவைப்பார்கள். பிறகு உப்பை நீக்கி, கோதுமை மாவு, சர்க்கரை, எள் சேர்த்துக் கரைத்த மாவில் தோய்த்து எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிப்பார்கள். இலைக்கென்று தனிச்சுவை அதிகமில்லை. மாவும் எள்ளுமே ருசி தருகின்றன. 1910-ம் வருஷத்தில் அவ்வூருக்கு மின்சார ரயில் போடப்பட்டது. அருவியையும் சிவந்த மரங்களையும் காண வருவோர் இதை வாங்கிச் செல்வதால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. தரையில் உதிர்ந்த இலையை எடுத்து யாரும் பொரிப்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கொரியாவில் வேறொரு ஜாதியின் நீரைக் காய்ச்சாமலே வசந்தகாலத்தின் ஆரம்பத்தில் குடம் குடமாகப் பருகுகிறார்கள். எலும்புக்கு நன்மை செய்யும் மரம் என்பதே அங்கு அதன் பெயரின் பொருள்.

மருந்தாக உபயோகிப்பதில் பட்டையே முக்கியம். அமெரிக்க ஆதிக்குடிகளுள் சிலர் சர்க்கரை மேப்பிளின் உட்பட்டையைக் கஷாயமிட்டு இருமலுக்குக் கொடுத்தார்கள். சிவப்பு மேப்பிளின் பட்டைக் கஷாயத்தால் நோயுற்ற கண்களைக் கழுவினார்கள். வெகு தூரத்திலுள்ள ஜப்பானிலும் ஒரு மேப்பிள் ஜாதிக்குக் 'கண் மருந்து மரம்' என்றே பெயர். அதன் பட்டையையும் இலையையும் கொதிக்கவைத்த நீரால் கண்களைக் கழுவுவதும், அதைக் குடிப்பதும் அங்குள்ள நாட்டு வைத்தியம். ஒன்றையொன்று அறியாத இரு ஜனசமூகங்கள் ஒரே இன மரத்தை ஒரே நோய்க்குக் கையாண்டது ஆச்சரியமே. இப்பட்டைகளில் துவர்ப்புச் சத்து மிகுதி என்பது ஒரு காரணமாகலாம். ஆயினும், வீட்டில் காய்ச்சிய கஷாயத்தைக் கண்ணில் விடுவது அபாயகரமானது. கண் நோய்க்கு ஆஸ்பத்திரியே தகுந்த இடம்.

பாகைப் பற்றியும் சிலர் மிகைப்படச் சொல்லி விற்கிறார்கள். அதில் மாங்கனீஸ் என்னும் தாதுவும், ரிபோபிளேவின் என்னும் வைட்டமினும் கணிசமாக உள்ளன. வெள்ளைச் சர்க்கரையில் இவை கிடையா. காய்ச்சும்போது புதிதாக உண்டாகும் ஒரு பொருளை 1 பாகில் கண்டதாக 2011-ம் வருஷத்தில் அமெரிக்க ரசாயன சாஸ்திரிகள் வெளியிட்டு, மாகாணத்தின் பெயரையொட்டி அதற்குக் க்யூபெகால் என்று பெயரிட்டார்கள். இவையெல்லாம் பரிசோதனைச் சாலை விஷயங்கள். நோயாளியைக் குணப்படுத்தியதாக நிரூபணமாகவில்லை. பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. நீரிழிவு உள்ளவர் இதை மருந்தென்று எண்ணிப் பருகினால் கேடு விளையும். கருப்பட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எல்லா மேப்பிளும் எல்லாப் பிராணிகளுக்கும் ஆகாது. சிவப்பு மேப்பிளின் வாடிய இலையைத் தின்ற குதிரைகளுக்கு ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்து, பல இறந்துபோகின்றன. முறிந்து விழுந்த கிளையில் இலை வாடும் சமயமே அதிக ஆபத்து. ஐரோப்பாவில் சிக்கமோர் எனப்படும் மேப்பிளின் விதையை மேய்ச்சல் நிலத்தில் தின்ற குதிரைகள் தசை நலிந்து சில தினங்களில் மடிவதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. விதையிலுள்ள ஹைபோகிளைசின் என்னும் நஞ்சே காரணமென்று 2014-ம் வருஷத்தில் தெளிவாயிற்று.

இனி விற்பனை விஷயம். க்யூபெக் குடியானவர்கள் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தத்தம் கொட்டகையில் காய்ச்சிய சர்க்கரைக் கட்டிகளைத் தனித்தனியே விற்றார்கள். அதில் பெரும் பகுதி ஐக்கிய அமெரிக்க நாட்டில் புகையிலைக்குச் சுவையூட்டச் சென்றது. வாங்குவோர் சிலர், விற்போர் ஆயிரக்கணக்கானவர். வாங்குபவன் சொன்னதே விலை. தரம் பிரிப்பதும் கிடையாது. நல்ல பாகு காய்ச்சியவனுக்கும் கருகவிட்டவனுக்கும் ஒரே விலையானால், கவனித்துக் காய்ச்ச யாருக்கு மனம் வரும்?

1925-ம் வருஷத்தில், மாகாண விவசாய இலாகாவில் உத்தியோகத்திலிருந்த சிரில் வையாங்கூர் என்பவர் சுமார் நூறு குடியானவர்களைச் சேர்த்து ஒரு ஐக்கிய விற்பனைச் சங்கத்தை ஸ்தாபித்தார். ப்லெஸ்ஸிவில் என்னும் ஊரில் அதன் தொழிற்சாலை ஏற்பட்டது. அங்கத்தினர் கொணரும் பாகைத் தரம் பிரித்து, தரத்துக்குத் தக்கபடி பணம் கொடுத்து, புட்டிகளில் அடைத்துச் சங்கத்தின் முத்திரையுடன் நேராக நகரங்களுக்கு அனுப்பினார்கள். புகையிலை வியாபாரிகளை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை மாறிற்று. இவரே 1932-ம் வருஷத்திலிருந்து அம்மாகாணத்து ஐக்கிய நாணயச் சங்கங்களின் சம்மேளனத்தையும் நடத்தினார். அச்சங்கங்களுள் முதலாவது, இந்தியாவில் 1904-ம் வருஷத்து ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் பிறப்பதற்கு நான்கு வருஷங்கள் முன்னதாக, 1900-ம் வருஷத்தில் அல்போன்ஸ் தெஜார்தேன் என்பவரால் லெவி என்னும் ஊரில் தொடங்கப்பட்டது.

பிற்காலத்தில் பிறந்த உற்பத்தியாளர் சம்மேளனம் வேறொரு கஷ்டத்தைத் தீர்க்க முயன்றது. பனி நன்றாக மாறி வந்த வருஷத்தில் பாகு குவிந்து விலை சரியும். வராத வருஷத்தில் கொடுக்கப் பாகு இராது. ஆகவே 2000-ம் வருஷத்தில், மிகுந்ததைக் கிருமி நீக்கிப் பீப்பாய்களில் அடைத்துச் சேமிக்கும் பொதுக் கிடங்கை ஏற்படுத்திற்று. உலகில் உற்பத்தியாகும் மேப்பிள் பாகில் சுமார் முக்கால் பங்கு க்யூபெக்கினுடையது. எனவே இருப்பைக்கொண்டு விலையை நிலைப்படுத்த முடிந்தது. கிடங்கிலுள்ள பாகு விற்ற பிறகே அங்கத்தினருக்கு முழுப் பணமும் சேரும்.

அத்தகைய பொது இருப்பிலேதான் திருட்டு நேர்ந்தது. சாங்-லூயி-த-ப்லாங்ஃபோர் என்னும் ஊரில் வாடகைக் கட்டடமொன்றில் அடுக்கியிருந்த பீப்பாய்களிலிருந்து, 2011, 2012-ம் வருஷங்களில் பாகை வடித்தெடுத்துத் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டார்கள். போகப்போக வெறும் பீப்பாய்களையே வைத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. 2012-ம் வருஷத்தில் வருஷாந்தர இருப்புச் சோதனைக்கு வந்தவர் அடுக்கின் மேல் ஏறியபோது பீப்பாய் ஒன்று காலடியில் ஆடிற்று. நிறைந்த பீப்பாய் அசையாது. திறந்து பார்த்ததில் வெறுமையாயிருந்தது. முடிவில் காணாமற்போனது சுமார் 3,000 டன். மதிப்பு ஏறக்குறைய 1 கோடியே 80 லக்ஷம் கனடா டாலர். அடுக்கின் மேல் ஏறிப் பார்த்த அச்சோதனைக்காரரின் உழைப்பு வீண்போகவில்லை.

முக்கியக் குற்றவாளிக்கு 2017-ம் வருஷத்தில் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. திருட்டில் தனக்கு மிஞ்சிய லாபம் சுமார் 10 லக்ஷம் டாலரே என்றும், அபராதம் அதற்கு மேற்படக் கூடாதென்றும் வாதாடினான். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2022-ம் வருஷத்தில் அதை ஒப்பாமல், அவன் கைக்கு வந்த பாகின் கிரயம் முழுவதையும், அதாவது சுமார் 91 லக்ஷம் டாலரை, பத்து வருஷங்களுக்குள் செலுத்த வேண்டுமென்றும், தவறினால் மேலும் ஆறு வருஷம் சிறையில் இருக்க வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது.