கடன் தீரும் வரை உடலும் மனமும் தாங்க வேண்டும்

கடன் கணக்கைப் பற்றிப் பேச எங்கள் கிளைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் வட்டி விகிதத்தைக் கேட்டே பேச்சைத் தொடங்குகிறார்கள். சிறிது நேரம் சென்ற பிறகுதான் மற்றவை வெளிவருகின்றன. பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொரு வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை, உறக்கம் குறைந்துவிட்டது, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் அதைத் திறந்து பார்க்கவே மனம் வருவதில்லை. கடனை அடைப்பதற்காக உழைப்பைக் கூட்டியவர்கள், அந்த உழைப்பின் களைப்பினாலேயே கடனைக் கவனிக்க இயலாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

தனிநபர் கடனை அடைப்பது ஓரிரு மாதங்களில் முடியும் செயலன்று. இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிக்கும் திட்டம் அது. ஆறாவது மாதத்தில் கடன்தாரர் சோர்ந்து விழுந்தால் திட்டமும் உடன் விழும். ஆகவே, தவணைத் தொகையைக் கணக்கிடும்போது உடலும் மனமும் தாங்கும் அளவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மனச்சுமையும் கணக்குப் பிழையும்

பணநெருக்கடி சிந்தனையை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராய்ந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2013ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின. அறுவடைக்கு முன், கையில் பணமில்லாத காலத்திலும், அறுவடைக்குப் பின், பணம் வந்து சேர்ந்த காலத்திலும், அதே விவசாயிகளுக்கு அறிவுத்திறன் சோதனைகள் தரப்பட்டன. அறுவடைக்கு முன் அவர்கள் பெற்ற மதிப்பெண்கள் தெளிவாகவே குறைந்திருந்தன. மனிதர்கள் மாறவில்லை, அவர்களுடைய மனத்தை அடைத்திருந்த கவலை மட்டுமே மாறியிருந்தது.

கடன்பட்டவர் தவணைத் தேதியை மறப்பதையும், அறிக்கையைப் படிக்காமல் ஒதுக்கி வைப்பதையும் பொறுப்பின்மை என்று குடும்பத்தார் கருதுவதுண்டு. பல நேரங்களில் அது மனச்சுமையின் விளைவு. இதை உணர்ந்தால் முதல் வேலை எது என்பது விளங்கும்: நினைவாற்றலை நம்பியிருக்கும் செயல்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் வரும் நாளுக்கு அடுத்த நாளிலேயே தவணை தானாகப் பிடிக்கப்படுமாறு நிலையாணை கொடுத்துவிடலாம். கடன் அட்டையின் பட்டியல் தேதி சம்பளத் தேதியோடு பொருந்தாவிட்டால் அதை மாற்றித் தருமாறு கேட்கலாம். இந்த வாய்ப்பை அட்டைதாரருக்கு அளிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

ஒரே தாளில் எல்லாக் கடனும்

அடுத்ததாக, ஒரு விடுமுறை நாளில், நன்கு உறங்கி எழுந்த காலைப் பொழுதில், எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, மாதத் தவணை எவ்வளவு, எப்போது முடியும் என ஐந்து பத்திகள் போதும். நகைக் கடன், உறவினரிடம் வாங்கிய கைமாற்று, கைப்பேசிக்கான தவணை ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். மறந்துபோன கணக்கு ஏதேனும் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை கட்டணமின்றி வழங்கும் முழு அறிக்கையைப் பெற்றுச் சரிபார்க்கலாம்.

எழுதிப் பார்த்த பின் தொகை பெரிதாகத் தோன்றக்கூடும். ஆயினும், அளவு தெரியாத கடனைவிட அளவு தெரிந்த கடன் இரவில் குறைவாகவே துன்புறுத்தும்.

‘குறைந்தபட்சத் தொகை’ என்னும் பொறி

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடன் அட்டையில் 90,000 ரூபாய் நிலுவை. வட்டி மாதம் 3.5 விழுக்காடு. ஒரு மாத வட்டி 3,150 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 567 ரூபாய். ஆக 3,717 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 4,500 ரூபாய் மட்டும் செலுத்தினால், அசலில் குறைவது வெறும் 783 ரூபாய். அட்டையில் புதிதாக எதுவும் வாங்காமல், மாதந்தோறும் இதே 4,500 ரூபாயைச் செலுத்தி வந்தாலும் கடன் தீர ஏறத்தாழ 43 மாதங்கள் ஆகும்; மொத்தம் சுமார் 1,94,000 ரூபாய் செலுத்தியிருப்பீர்கள்.

அதே 90,000 ரூபாயை ஆண்டுக்கு 16 விழுக்காடு வட்டியில் 24 மாதத் தனிநபர் கடனாக மாற்றினால் தவணை சுமார் 4,407 ரூபாய்; மொத்தம் செலுத்துவது சுமார் 1,05,800 ரூபாய். பரிசீலனைக் கட்டணத்தைச் சேர்த்தாலும் வேறுபாடு பெரிது. மாதச் சுமையைக் கூட்டாமலேயே, கூடுதலாக ஒரு மணி நேரமும் உழைக்காமலேயே, 19 மாதங்கள் மிச்சமாகின்றன. இதற்கு ஒரே நிபந்தனை, அந்த அட்டையைக் கடன் தீரும் வரை மீண்டும் பயன்படுத்தாமலிருப்பது. நகைக் கடனில் வட்டி இன்னும் குறையலாம். ஆனால் குறித்த காலத்தில் மீட்க முடியாவிட்டால் நகை ஏலத்திற்குப் போகும் என்பதை மறக்கலாகாது.

எதை முதலில் அடைப்பது?

வணிகக் கணக்கு சொல்லும் விடை எளியது: வட்டி மிகுந்ததை முதலில் அடையுங்கள். எனினும் மனச்சோர்வில் இருப்பவருக்கு வேறொரு விடையும் பொருந்தும். சிங்கப்பூரில் நாட்பட்ட கடனில் இருந்த குறைந்த வருவாய்க் குடும்பத்தினரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. கடன் கணக்குகளின் எண்ணிக்கை குறைந்தபோது அவர்களின் பதற்றம் தணிந்து சிந்தனைத் தெளிவு கூடியது என அது கண்டறிந்தது.

ஆகவே, நாங்கள் பரிந்துரைப்பது இரண்டும் கலந்த வழி. ஓரிரு மாதங்களில் தீர்த்துவிடக்கூடிய சிறு கடன் ஒன்றிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். அதன் தவணைத் தொகை கையில் மிஞ்சும். பின்னர் அத்தொகையையும் சேர்த்து வட்டி மிகுந்த கடனுக்குத் திருப்புங்கள். நிலையான வட்டியில் பெற்ற கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது நலம்.

கூடுதல் உழைப்புக்கு ஓர் எல்லை

மிகைநேரப் பணியும் பகுதிநேர வேலையும் கடனை விரைவில் தீர்க்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 விழுக்காடும் அதிகம் என உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் தெரிவித்தன. ஒரு முறை மருத்துவமனையில் சேர நேர்ந்தால் பல மாத மிகைநேர ஊதியம் ஒரு வாரத்தில் கரைந்துவிடும்.

கூடுதல் வேலையை ஏற்பவர்கள் அதற்கு முடியும் தேதி ஒன்றைக் குறித்துக்கொள்வது நல்லது. ‘இந்தச் சிறு கடன் தீரும் வரை, நான்கு மாதங்கள்’ என்று வரையறுத்தால் உடல் தாங்கும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும், மாதத்தில் ஒரு சிறு தொகை குடும்ப மகிழ்ச்சிக்கும் திட்டத்திற்குள்ளேயே இருக்கட்டும். அவசரத் தேவைக்கென ஒரு தவணைத் தொகையையாவது தனியே சேமித்து வையுங்கள். அது இல்லாத இடத்தில் ஒரு காய்ச்சல்கூட மீண்டும் கடன் அட்டையை எடுக்க வைத்துவிடும்.

தவணை தவறும் முன்னர் பேசுங்கள்

வேலை போய்விட்டது, உடல்நலம் கெட்டுவிட்டது என்றால் தவணை தவறுவதற்கு முன்னரே கிளைக்கு வாருங்கள். தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைப்பது முதலிய வழிகளைப் பரிசீலிக்க அப்போது இடமிருக்கும். நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடிக்கும் சமரசத் தீர்வு எளிதாகத் தோன்றலாம்; ஆனால் அது கடன் தகவல் அறிக்கையில் பதிவாகி, பின்னாளில் கடன் பெறுவதைக் கடினமாக்கும்.

கடன்தாரருக்கும் உரிமைகள் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைத்தலாகாது. மிரட்டவோ இழிவுபடுத்தவோ கூடாது. உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்யவும் கூடாது. ஒரு நிறுவனத்தின் மீது அளித்த புகாருக்கு 30 நாட்களுக்குள் விடை கிடைக்காவிட்டாலோ, கிடைத்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

மனம் தளரும்போது

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, தன்மீதே வெறுப்பு ஆகியவை தொடர்ந்தால் அதைக் கடன் தீர்ந்ததும் தானே சரியாகும் என்று விட்டுவிட வேண்டாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் எழுந்தால் அந்த நொடியிலேயே அழைத்துவிடுங்கள், அருகிலிருப்பவரிடமும் சொல்லுங்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. எனவே உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடனை வீட்டாரிடம் மறைப்பவர்கள் பலர். மறைப்பதற்குச் செலவாகும் ஆற்றலும் ஒரு வட்டியே. கணவரிடமோ மனைவியிடமோ, வயதுக்கு வந்த பிள்ளைகளிடமோ அந்த ஒரே தாளைக் காட்டிவிட்டால், சுமையைத் தாங்கும் தோள்கள் கூடும்.

இம்மாதம் செய்ய வேண்டியவை மூன்றே: தாளில் எழுதுவது, நிலையாணை கொடுப்பது, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்வது. வட்டி குறைந்த கடனாக மாற்றுவது பற்றிப் பேச விரும்பினால், அந்தத் தாளோடும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளோடும் அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்க்க நாங்கள் இருக்கிறோம்.