யாழைக் கணக்குப் போட்டு மீட்டவர்

பழைய இசையை அந்தக் காலத்து வாத்தியத்திலேயே வாசிக்கக் கிளம்பிய ஐரோப்பியர்களுக்கு ஒரு வசதி இருந்தது. வியன்னாவில் 1953இல் குழு அமைத்த நிக்கொலாஸ் ஹார்னன்கோர்ட், இசையமைப்பாளர் பாக் காலத்து வயலினைத் தேடிப் பிடித்து ஆட்டுக்குடல் நரம்பு பூட்டலாம். இசைக்குறிப்பும் கையில் இருந்தது. அவருக்கு முன்பே இந்த வேலையில் இறங்கிய சுவாமி விபுலாநந்தருக்குப் பார்த்துச் செய்ய ஒரு பழைய யாழ்கூடக் கிடைக்கவில்லை.

காரைதீவில் 1892இல் பிறந்த அவர் விஞ்ஞான ஆசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையில் யாழாசிரியனைச் சொல்லும் 25 அடிகளுக்கு விளக்கம் எழுதப்போய், அது 'யாழ் நூல்' ஆக வளர்ந்தது.

வீணையில் மெட்டு உண்டு. ஒரே தந்தியில் பல சுரம் பிறக்கும். யாழில் நரம்புக்கு ஒரு சுரம்தான். செம்பாலைக்குச் சுருதி கூட்டிய ஏழு நரம்பில், குரல் என்ற முதல் சுரத்தை விட்டு, அடுத்த சுரமான துத்தத்தை ஆதாரமாக்கினால் படுமலைப்பாலை. இப்படியே நகர்ந்தால் ஏழு பாலை, அதாவது ஏழு சுர அமைப்பு. குரலுக்கு நாலு அலகு, துத்தத்துக்கு நாலு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு என்று மொத்தம் 22 அலகை, அதாவது நுண்சுருதியை, வைத்து அவர் கணக்குப் போட்டார். ஆபிரகாம் பண்டிதரோ 1917இல் வந்த 'கருணாமிர்த சாகர'த்தில் 24 என்று வாதாடியிருந்தார். இந்த வழக்கில் எனக்குப் பெரிய அக்கறையில்லை. கணக்கைத் தாளோடு விடாமல் மரத்திலும் நரம்பிலும் செய்து பார்த்தாரே, அதுதான் பெரிது.

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியபோது, அவர் கணக்குப்படி செய்த முளரியாழும் ஊர்வலமாகப் போனது. ஜூலை 19இல் அவர் காலமானார்.

மட்டக்களப்பு நகரைத் தாண்டிக் கல்லடிக்குப் போனால் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது. அதே மட்டக்களப்பின் படுவான்கரைக் கூத்துக்கு இப்படி யாரும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. மத்தளத்தோடு களரியில் நிற்கும் கூத்தாசிரியரான அண்ணாவியார் தாளக்கட்டு முழுவதையும் தன் அண்ணாவியாரிடமிருந்து காதால் வாங்கியவர். யாழுக்கு அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. சுரத்தின் அளவைக் கணக்குச் சொல்லும். விரல் எப்படி விழவேண்டும் என்று சொல்லாது.

அதனால் வாசிப்பு முறையைப் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும். சென்னையில் தருண் சேகர் செய்யும் யாழில் இன்றைய பாட்டும் ஒலிக்கிறது. தேவாரப் பண்ணுக்குத் தனி இயலே எழுதிய சுவாமி அதைக் கேட்டு முகம் சுளித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு முதலில் அந்த நரம்பு ஒலிக்க வேண்டியிருந்தது.