ஊருக்கு நேரம் சொன்ன உலோகம்

தோல் இல்லை, நரம்பு இல்லை, காற்று புகத் துளையும் இல்லை. அடிபட்ட உலோகமே அதிர்ந்து ஒலிக்கிறது. கஞ்சக்கருவி என்று நம் மரபு தனியே பிரித்து வைத்த இந்த இனத்தில் தாளம், சேகண்டி, மணி எல்லாம் அடங்கும். பாட்டுக்குத் துணையாக ஒலித்தது ஒருபுறம் இருக்க, ஊருக்கே நேரம் சொல்லும் பொறுப்பையும் இவை நெடுங்காலம் சுமந்தன.

16ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் கண்டதை முகலாயப் பேரரசர் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் விவரிக்கிறார். இரண்டு விரல் தடிமனில் வார்த்த பித்தளைத் தட்டை உயரமான இடத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் துளையிட்ட கிண்ணம் நீரில் ஒருமுறை நிரம்பினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். அதைக் காவலிருந்து பார்த்தவர்கள் தட்டை அடித்து அறிவித்தார்கள். நாழிகைக் கணக்கு மட்டும் ஒலித்தால், நடுவில் விழித்தவருக்கு இது எந்தச் சாமம் என்று விளங்காது. எனவே சாமத்தையும் சேர்த்து அடிக்கும்படி பாபர் ஆணையிட்டார். இருட்டில் படுத்திருப்பவருக்கும் நேரம் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அது.

காதால் கேட்ட நேரம் பிறகு கண்ணுக்கும் வந்தது. ஹைதராபாத்தில் 1591இல் எழுந்த சார்மினாருக்கு, 1889இல் நான்கு திசையிலும் கடிகார முகங்கள் வந்தன. 1897இல் செகந்திராபாத்தின் 120 அடி மணிக்கூண்டு திறக்கப்பட்டது. நிமிர்ந்து பார்த்து நேரம் அறியும் பழக்கம் நகரத்தில் வேரூன்றியது.

ஆனாலும் அடிக்கும் உலோகத்தின் மவுசு குறையவில்லை. ஹைதராபாத் பிரபு மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுப் அலி கான் வாங்கிய இசைக் கடிகாரம் அதற்குச் சாட்சி. கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனத்தின் பெயர் தாங்கிய அதில், ஒரு கொல்லர் பொம்மை விநாடிதோறும் சுத்தியலை இறக்கிக்கொண்டே இருக்கும். மணி நெருங்கும்போது தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வந்து, மணிக்கு எத்தனையோ அத்தனை அடி அடித்துவிட்டு உள்ளே போகும். அன்று அந்தப் பிரபுவின் மாளிகைக்கு மட்டும் ஒலித்தது அது. 1951இல் அவருடைய சேகரிப்பு அருங்காட்சியகமானது. 1968இல் மூசி ஆற்றங்கரையில் உள்ள இன்றைய கட்டடத்துக்கு வந்தது.

இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நேரம் அவரவருக்குத் தனித்தனியே, ஓசையின்றித் தெரிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் பகல் 12 மணி நெருங்கினால் அந்தக் கடிகாரத்தின் முன் கூட்டம் சேர்ந்துவிடுகிறது; ஒரு நாளில் அதிக அடிகள் விழும் வேளையல்லவா! முன்பின் அறியாதவர்கள் ஒரே ஒலிக்காகச் சேர்ந்து காத்திருக்கிறார்கள். நேரம் பொதுச் சொத்தாக இருந்த காலத்தில் ஊர் முழுவதும் அனுபவித்தது இதைத்தான். நாம் உண்மையில் இழந்திருப்பதும் இதைத்தான்.

ஆனால் முழுவதும் போய்விடவில்லை. ஹைதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனை வாயிலில் உள்ள கில்வத் கடிகாரத்துக்கு, கடிகாரப் பழுதுபார்ப்பில் தேர்ந்த ஒரு குடும்பம் இன்றும் வாரந்தோறும் சாவி கொடுக்கிறது. பழைய மணிக்கூண்டுகளுக்கு வண்ணம் பூசி விளக்குப் போடுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அந்தக் கைத்திறனை இளைஞர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். ஓடக்கூடிய கடிகாரங்களை ஓட விட வேண்டும். அடிக்கக்கூடிய மணிகளை அடிக்க விட வேண்டும். ஒலிப்பதற்காக வார்த்த உலோகத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.