பிற நாட்டுத் தொண்டும் எளிய யாத்திரையும்

உலகத்தைச் சுற்றிக் காண்டல் செல்வர்க்கே உரியதொரு பேறு என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. கைப்பொருள் சுருங்கிய குடியிற் பிறந்த இளைஞன் அயல்நாட்டுப் படத்தைக் கண்டு பெருமூச்செறிந்து புத்தகத்தை மூடிவிடுகின்றான். எனினும், பணத்திற்கு ஈடாகத் தன் உடலுழைப்பை அளித்து, பிற நாட்டாரோடு ஒருங்கு உண்டு உறைந்து மீளும் வழியொன்று நூறு ஆண்டுகட்கு மேலாகத் திறந்தே கிடக்கின்றது. அவ்வழி எங்ஙனந் தோன்றிற்று, அதிற் புகுவார் அறிய வேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் இளைஞர் தங்கு விடுதிகளின் வரலாற்றை நோக்குவோம். செர்மனி நாட்டில் ரிச்சர்டு ஷிர்மன் என்னும் பள்ளியாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் 1909-ஆம் ஆண்டில் தம் மாணாக்கரோடு கால்நடையாய்ச் சென்றபோது கடும்புயல் வந்து தாக்கிற்று. அவ்விரவை அவர்கள் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்திலே கழித்தனர். விடுமுறையில் வெறுமையாய்க் கிடக்கும் பள்ளிக்கூடங்கள் வழிநடை மாணவர்க்குத் தங்குமிடமாகலாமே என்ற எண்ணம் அன்று அவருள்ளத்தே முளைத்தது. 1912-ஆம் ஆண்டில் ஆல்டினா என்னும் ஊரிலுள்ள பழங்கோட்டையில் நிலையான விடுதியொன்று அமைந்தது. 1932-இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடி ஒரு பேரவையாயின. ஒரே கூடத்திற் பலர் படுத்துறங்கலும், பொதுச் சமையலறையில் தாமே சமைத்துண்டலும் இவ்விடுதிகளின் இயல்பு. செலவு குறைதற்குக் காரணமும் அதுவே.

விடுதி யாத்திரையை எளிதாக்கிற்று. யாத்திரையைத் தொண்டாக்கியவரோ பியர் செரஸோல் என்னும் சுவிட்சர்லாந்து தேசத்துப் பெரியார். முதல் உலகப்போர் முடிந்தபின், 1920-ஆம் ஆண்டில், பிரான்ஸ் தேசத்து வெர்டன் போர்க்களத்தை அடுத்து இடிந்து கிடந்த எஸ்ன் என்னும் சிற்றூரில், அவரும் தோழர் சிலரும் கூடி, வீடிழந்தார்க்கு மரக்குடில்கள் அமைக்கலாயினர். அக்குழுவிற் செர்மானியரும் இருந்தனர். நேற்றுவரை பகைவராயிருந்தவர் இன்று கற்களை அகற்றவும் மரத்தை அறுக்கவும் வந்தனர் என்பதே அம்முயற்சியின் உயிர். ஆயினும் செர்மானியரைப் பொறாதாரின் எதிர்ப்பு மிகவே, மறு ஆண்டு அக்குழு வேலையை நிறுத்தி வெளியேற நேர்ந்தது. தொடங்கியது முற்றுப்பெறவில்லை, எனினும் விதை அழியவில்லை. 1928-இல் ரைன் ஆற்று வெள்ளத்தாற் பாழான லீக்டென்ஸ்டைன் நாட்டை மீட்டற்குப் பல நாடுகளினின்றும் 700-க்கு மேற்பட்ட தொண்டர் திரண்டு வந்தனர். இவ்வியக்கமே இன்று சர்வதேச சிவில் தொண்டுச் சங்கம் என வழங்குகின்றது.

இதற்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பு பலரும் அறியாதது. 1934-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் பீகார் மாகாணம் பெரும் பூகம்பத்தாற் சிதைந்தபோது, செரஸோல் இந்தியாவிற்கு வந்து காந்தியடிகளையும் இராஜேந்திர பிரசாதரையும் கண்டு பேசினார். பின்னர் ஐரோப்பியத் தோழர் சிலருடன் முசாபர்பூர்ப் பக்கத்துக் குடிகளுக்கு வீடு கட்டும் பணியிற் பங்கு கொண்டார். கடல் கடந்து தொண்டுக்குச் செல்லும் நாம், நம்மிடம் கடல் கடந்து வந்த ஒரு நன்றிக்கடனைத் திருப்பித் தருகின்றோம் என்று கொள்ளலாம்.

இனி, இற்றைநாளில் மாணவர்க்கு உள்ள வாயில்களை வகுத்துரைப்போம். முதலாவது, குறுகிய காலத் தொண்டு முகாம். பல நாட்டு இளைஞர் பதின்மர் முதல் இருபதின்மர் வரை கூடி, இரண்டு மூன்று வாரம் ஓரிடத்தே தங்கி, காடு திருத்தல், பழஞ்சுவர் புதுக்கல், சிறார்க்கு விளையாட்டு நடத்தல் போன்ற பணிகளைச் செய்வர். உணவும் உறையுளும் முகாமினர் அளிப்பர். வழிச்செலவும் சிறு பதிவுக் கட்டணமும் நம்முடையன. இத்தகைய சங்கங்களை இணைக்கும் அவை ஒன்று 1948 முதல் யுனெஸ்கோவின் ஆதரவில் பாரிஸில் இயங்குகின்றது. இரண்டாவது, பண்ணை வாழ்க்கை. லண்டன் நகரிற் காரியதரிசியாயிருந்த சூ காப்பர்டு என்னும் பெண்மணி 1971-இல் தொடங்கிய வூஃப் இயக்கத்தின்படி, இயற்கை உரமிட்டுப் பயிர் செய்வாரோடு நாடோறும் சில மணி நேரம் உழைப்பார்க்கு ஊணும் உறையுளும் கிடைக்கும். மூன்றாவது, நீண்ட காலத் தொண்டு. செர்மானிய அரசினர் 2008-இல் தொடங்கிய வெல்ட்வெர்ட்ஸ் திட்டம் முதலில் அந்நாட்டு இளைஞரையே வெளியே அனுப்பிற்று. 2013 முதல் பிற நாட்டு இளைஞரும் செர்மனிக்கு வந்து தொண்டாற்ற வழி செய்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொண்டுத் திட்டமோ பெரும்பாலும் அவ்வொன்றியத்தாருக்கும் அண்டை நாட்டார்க்குமே உரியது. ஆதலின் விண்ணப்பம் எழுதுமுன் தகுதி விதியைப் படித்தறிதல் காலத்தை மிச்சப்படுத்தும்.

இவற்றை எங்ஙனந் தேடிக் காண்பது? தொண்டு முகாம்களுக்கு வெளிநாட்டு முகாமினர்க்கு நேரே எழுதாமல், நம் நாட்டிலுள்ள கிளைச் சங்கத்தின் வாயிலாகவே விண்ணப்பித்தல் பொதுவான முறை. சர்வதேச சிவில் தொண்டுச் சங்கத்திற்கு இந்தியாவிற் கிளை உண்டு. ஐரோப்பிய முகாம்கள் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடைபெறுவன. நம் கல்லூரிகளோ ஜூனிலே திறக்கின்றன. ஆதலாற் பட்டத் தேர்வு முடிந்து, மேற்படிப்போ உத்தியோகமோ தொடங்குமுன் உள்ள இடைவெளியே நம்மவர்க்குத் தக்க காலம்.

செலவிற் பெரும் பகுதி விமானக் கூலியே. ஆதலின் கைப்பொருள் குறைந்தோர் அண்மை நாட்டை முதலிற் கருதுவாராக. நேபாளம் செல்ல இந்தியர்க்கு விசா வேண்டா. இரயிலேறிக் கோரக்பூர் சேர்ந்து, சுனௌலி எல்லை வழியாகத் தரை மார்க்கமாகவே புகலாம். ஐரோப்பா செல்வோர் விதிகளை நுணுகி நோக்கல் வேண்டும். ஷெங்கன் நாடுகளிற் குறுகிய கால விசாவில் 180 நாட்களுள் 90 நாட்களே தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷ்யூரன்ஸும், செலவுக்குப் பணமுண்டு என்னும் சான்றும் வேண்டும். ஊதியமில்லாத வேலையும் வேலையே எனக் கொள்ளும் நாடுகள் பல. உணவுக்காக உழைத்தாலும் அது சட்டத்திற்கு மாறாதல் கூடும். எனவே, இன்ன பணிக்குச் செல்கின்றோம் என்பதைத் தூதரகத்தில் மறையாது உரைத்து, அதற்குரிய விசாவையே பெறுதல் கடமை. சுற்றுலா விசாவிற் சென்று மெல்லச் சமாளிக்கலாம் என்பார் சொல் ஆழமறியாமற் காலை விடுவதாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தொண்டென்னும் பெயரால் வணிகம் நடத்துவாரும் உளர். தொண்டு செய்தற்கே பெருந்தொகை கேட்டு, அத்தொகை எங்கே செல்கின்றதெனக் கேட்பார்க்கு விடை கூறாதவரிடம் அணுகற்க. வருவோரின் இரக்கத்தைப் பணமாக்கும் பொருட்டு, பெற்றோர் உயிரோடுள்ள பிள்ளைகளையே அநாதைகளெனச் சேர்த்து விடுதி நடத்தும் கொடுமை சில நாடுகளில் வெளிப்பட்டுள்ளது. இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுப் பிரியும் அந்நியர் வரிசையால் அக்குழந்தைகள் எய்தும் துயரம் பெரிது. ஆதலின் எப்பணியை ஏற்குமுன்னும் மூன்று வினாக்களை எழுப்புக: இவ்வேலையை அவ்வூரார் விரும்பிக் கேட்டனரா? நாம் செய்வதால் அவ்வூர்க் கூலியாள் ஒருவன் பிழைப்பிழப்பானா? நாம் நீங்கியபின் அவ்வேலை நிலைபெறுமா? இம்மூன்றற்கும் நல்விடை கிடையாதாயின், அஃது எத்துணை மலிவாயினும் விலக்கத்தக்கதே.

நம் சேரிகளிலும் கிராமங்களிலும் செய்யாத தொண்டா அயல்நாட்டிற் செய்யப் போகின்றீர் என்று வினவுவாரும் உளர். வினா நேர்மையானதே. சுவர் ஒன்றைக் கட்டுதல் மட்டுமே நோக்கமாயின், அதற்குக் கடல் கடக்க வேண்டா. ஆனால் எஸ்ன் சிற்றூரிற் கட்டப்பட்டவை குடில்கள் மட்டும் அல்ல. ஒரே மரத்துண்டின் இரு முனைகளை ஒரு பிரெஞ்சுக்காரனும் ஒரு செர்மானியனும் தூக்கும்போது, அவர்தம் மனத்திற் கிடந்த ஏதோவொன்றும் இடம்பெயர்கின்றது. அந்நிலை நம் சேரியிற் கிடைப்பினும் பெறுக. பிற நாட்டிற் கிடைப்பினும் பெறுக. ஒன்றைச் செய்யாமைக்கு மற்றொன்றைக் காரணம் காட்டுதலே தகாது.

நண்பர்காள்! பணமின்மை உண்மையான தடையே. அதனைச் சிறிதென்று கூறோம். எனினும் அத்தடையைத் தாண்டும் பாலத்தை, செல்வரல்லாத ஆசிரியரும் காரியதரிசியும் போன்ற எளிய மாந்தரே நமக்குக் கட்டித் தந்துள்ளனர். மண்வெட்டி பிடிக்கக் கூசாத கையும், பிறர் சமைத்ததை முகஞ்சுளியாது உண்ணும் பழக்கமும், தெரியாததைத் தெரியாதென்னும் வாய்மையும் உடையார்க்கு அப்பாலம் இன்றும் திறந்துளது. இவற்றைக் கல்லூரியிலேயே பயில்வோமாக.